டீசல் வேனுக்குச் சொட்டு நீலம்

அந்த லாண்டரிக்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாய் ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். இப்போது கேட்டால் அவர் சம்சாரத்துக்கே அது சட்டென்று வாயில் வராது. எல்லாருக்கும் அவர் பளிச். காலையில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு என்று வந்து கடையைத் திறப்பார். சாயங்காலம் அதே வெள்ளையோடு பூட்டுவார். நடுவில் நானூறு படுக்கை விரிப்பும் அறுநூறு தலையணை உறையும் அவர் கையைத் தாண்டிப் போயிருக்கும். மேலே ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அது எப்படி என்று யாராவது கேட்டால், "அழுக்குக்கு என்னைக் கண்டா பயம்" என்பார்.

நாலு கடை தள்ளி அவருடைய மச்சினன், அதாவது சம்சாரத்தின் தம்பி, ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அவரை எல்லாரும் கிரீஸ் என்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அவர் காது குடைந்தால் காது கறுக்கும், மூக்கைச் சொறிந்தால் மூக்கு கறுக்கும். பத்திரம் பதியப் போன இடத்தில் விரல் ரேகை வைக்கச் சொன்னபோது, மை தொடாமலே வைத்துவிட்டு வந்தவர் அவர்.

இந்த இரண்டு பேரும் உயிருக்கு உயிரான சிநேகிதர்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். பகல் மூன்று மணி அடித்தால் கிரீஸ் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு லாண்டரியின் பின்கட்டுக்கு வந்துவிடுவார். அங்கே பெரிய வாஷிங் மெஷின் பக்கத்தில் காலி சோப்புத்தூள் டிரம் ஒன்று கவிழ்த்து வைத்திருக்கும். அதன்மேல் ஒரு பழைய துவாலை. லாண்டரி முழுக்கத் தேடினாலும் வெள்ளையில்லாத துணி அது ஒன்றுதான். கிரீஸ் உட்காருகிற இடம் என்பதால் அதற்கு மட்டும் விலக்கு. நடுவில் கன்னங்கரேலென்று கறை. அதன்மேல் அவர் உட்கார்ந்து டீ குடிப்பார். பளிச் எதிரே நின்றபடி குடிப்பார். உட்கார்ந்தால் கால்சட்டை மடிப்புக் கலையுமே! அரை மணி நேரம் எதைப் பற்றியாவது சண்டை போட்டுவிட்டு, "சரி அத்தான், வரேன்", "சரி மாப்ள, வா" என்று பிரிவார்கள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். பளிச்சுக்கு வேறு சிநேகிதர் கிடையாது. வெள்ளையாக இருக்கிறவரிடம் நெருங்கி உட்கார யாருக்குத்தான் தைரியம் வரும்?

இந்த மூன்று மணி டீக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது. வந்தது ஒரு வேனில்.

அதுவரைக்கும் பளிச்சிடம் இருந்தது ஒரு சின்ன பெட்ரோல் கார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றுவார். ஒரு ஆஸ்பத்திரியும் இரண்டு தங்கும் விடுதிகளும் வாடிக்கையாக வந்த பிறகு, மூட்டை உள்ளே போனால் இவர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. அதனால் ஒருவர் ஓட்டி முடித்த டீசல் வேன் ஒன்றை வாங்கினார். வெள்ளை வேன். பளிச் பார்த்தது அதை மட்டும்தான். இன்ஜினைப் பார்த்தது கிரீஸ்.

"அத்தான், பழைய ஓனர் எப்ப ஆயில் மாத்தினான்னு அவனுக்கே தெரியாது. நாம மாத்திட்டு ஓட்டுவோம்" என்றார் கிரீஸ்.

"உசந்த ஆயிலா போடு மாப்ள."

"உசந்தது தாழ்ந்ததுன்னு எதுவும் இல்ல. இந்த இன்ஜினுக்கு எது பொருந்துமோ அது." கிரீஸ் ஒரு டின்னை எடுத்து முதுகைத் திருப்பிக் காட்டினார். "இந்த எழுத்தைப் பாருங்க. எஸ்ல ஆரம்பிச்சா பெட்ரோல் வண்டிக்கு. 'சி'யில ஆரம்பிச்சா டீசலுக்கு. அப்புறம் பதினஞ்சு டபிள்யூ நாப்பதுன்னு போட்டிருக்கா? முன்னாடி நம்பர் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்லும். பின்னாடி நம்பர் சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லும். வண்டியோட புக்குலயும் இதேதான் இருக்கு. புக்கு சொல்றதை விட்டுட்டு டின்னு மேல இருக்கிற படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்தணும்?"

"புக்குல பத்தாயிரம் கிலோமீட்டர்னு இருக்கு. ஆனா உங்க வண்டி என்ன நெடுஞ்சாலையிலயா ஓடப் போகுது? ஆஸ்பத்திரி வாசல்ல ஒருக்கா, விடுதி வாசல்ல ஒருக்கா, சூடு ஏறறதுக்குள்ள நிறுத்திடுவீங்க. அப்படி ஓட்டினா ஆயில் சீக்கிரம் களைச்சுப் போகும். அதனால ஏழாயிரத்து ஐநூறு, இல்லைன்னா ஆறு மாசம். எது முந்துதோ அது. வாரத்துக்கு ஒருக்கா இன்ஜின்ல சொருகியிருக்கிற ஆயில் கம்பியை உருவி அளவு மட்டும் பாருங்க. வேற எதையும் பார்க்காதீங்க."

இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பளிச் காதில் வாங்கியிருந்தால், இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, புதுசை ஊற்றினார் கிரீஸ். டின்னிலிருந்து வழிந்த ஆயில் வெயிலில் தேன் போல மின்னியது. பளிச்சுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதைத் துணியில போட்டாக்கூடத் துவைச்சிடலாம் போலிருக்கே!" என்று மெச்சிக்கொண்டார்.

வாரத்துக்கு ஒருமுறை என்று சொன்னதை அவர் மூன்றாம் நாளே செய்தார். ஒரு விரிப்பை வெளியே அனுப்பும் முன் மூன்று தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவருக்கு ஒரு வாரம் பொறுக்குமா? ஆயில் கம்பியைத் துடைக்க எதையாவது எடுக்க வேண்டுமே. கைக்கு எட்டியது அப்போதுதான் இஸ்திரி போட்ட ஆஸ்பத்திரித் தலையணை உறை. கம்பியை உருவினார். உறையில் வைத்துத் துடைத்தார். துடைத்த இடத்தைப் பார்த்தார்.

கறுப்பு. சாதாரணக் கறுப்பா? அடுப்புக்கரியைக் குழைத்துத் தீற்றியது போலக் கறுப்பு.

"அக்கா!" என்று கத்தினார். அவர் சம்சாரத்தைத் தெருவில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதிர்ச்சியில் இவரும் அப்படியே கூப்பிட்டுவிட்டார்.

"நான் எப்பங்க உங்களுக்கு அக்கா ஆனேன்?" என்றபடி வந்தார் அக்கா.

"உன் தம்பி செஞ்ச வேலையைப் பாரு. ஆயிலே மாத்தலை!"

"கண்ணு முன்னாடிதானே ஊத்தினான். நீங்கதானே துணியே துவைக்கலாம்னு மெச்சினீங்க."

"மேல ஊத்தினான். கீழ எல்லாத்தையும் இறக்கினானான்னு யாரு குனிஞ்சு பார்த்தா? நானா குனிவேன்? சட்டை என்னாகறது?" பளிச்சுக்கு மூச்சு வாங்கியது. "இருபத்திரண்டு வருஷம் கார் வெச்சிருந்தேன். ஆயில் மாத்தி ரெண்டு மாசம் ஆனாலும் பொன்னு மாதிரி இருக்கும். இது மூணே நாள்!"

"அவன்கிட்டயே நிதானமாக் கேளுங்க. மூணு மணிக்கு வருவான்."

மூன்று மணி வரைக்கும் பொறுத்தாரா? பதினொன்றரைக்கே உறையும் கையுமாக ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார். அங்கே ஒரு லாரிக்காரரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் வண்டியை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். கிரீஸ் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. பளிச் அந்தக் காலைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, வெளிய வா."

"ரெண்டு நிமிஷம் அத்தான்."

"ரெண்டு நிமிஷத்துல இன்னும் எத்தனை பேரை ஏமாத்தப் போற?"

கால் ஆடாமல் நின்றது. பிறகு மெதுவாக முழு ஆளும் வெளியே வந்தது. கிரீஸ் தலையணை உறையைப் பார்த்தார். சிரித்தார்.

"இதுக்கா? டீசல் ஆயில் அப்படித்தான் அத்தான் கறுக்கும். போட்ட மறுநாளே கறுக்கும்."

"நான் என்ன பச்சைக் குழந்தையா? கறுத்தா அழுக்கு. அழுக்குன்னா பழசு. பழசுன்னா நீ மாத்தலை!"

லாரிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பளிச் அவரைக் கையமர்த்தினார். "நீங்க சும்மா இருங்க. இவன் உங்களுக்கும் இதைத்தான் செஞ்சிருப்பான்."

அங்கேதான் வார்த்தை எல்லை தாண்டிவிட்டது. கிரீஸின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்து, பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினார்.

"அத்தான், நீங்க என்னை என்ன வேணாலும் சொல்லலாம். மூணு மணிக்கு, நாலு சுவத்துக்குள்ள சொல்லலாம். என் வாசல்ல நின்னு, என் வாடிக்கைக்காரங்க முன்னாடி சொல்லிட்டீங்க. இனிமே மூணு மணிக்கு நான் வரலை."

"வராட்டிப் போ!" என்று சொல்லிவிட்டு வந்தார் பளிச். சொன்னது வாய். கால்கள் நாலு கடை தூரத்தைக் கடப்பதற்குள் இரண்டு தடவை நின்றன.

அன்றைக்கு மூன்று மணிக்கு வழக்கம்போல இரண்டு டம்ளரில் டீ வந்தது. பளிச் தன்னுடையதைக் குடித்தார். வீணாகப் போகிறதே என்று இன்னொன்றையும் குடித்தார். மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் நெஞ்சு கரித்தது. அக்கா டீயைக் குறைக்கவில்லை. அக்காவுக்குத் தெரியாததா!

கோபத்துக்கு ஏதாவது வடிகால் வேண்டுமே. டிரம்மின் மேல் கிடந்த அந்தத் துவாலையை எடுத்தார் பளிச். பதினெட்டு வருஷத்துக் கறை. ஊறப்போட்டார், கொதிக்க வைத்தார், பிளீச்சில் முக்கினார், பிரஷ்ஷால் தேய்த்தார். மூன்று நாள் போராட்டம். கடைசியில் அது வெளுத்தது. கொக்கு மாதிரி வெளுத்தது. இஸ்திரி போட்டு டிரம்மின் மேல் விரித்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வெளுத்த ஒரு துணியைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. அது போய் உதிரி பாகம் விற்கிற கடையில் அவரைக் கொண்டு நிறுத்தியது.

"இன்ஜின் ஆயில் வேணும். இருக்கிறதுலயே வெள்ளையானது."

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "வெள்ளையா? என்ன வண்டி சார்?"

"வெள்ளை வண்டி."

"அது இல்ல சார், பெட்ரோலா டீசலா..."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீங்க டின்னைத் திறந்து காட்டுங்க."

ஏழு டின் திறந்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் விட்டு வெயிலில் பிடித்தார் பளிச். விரிப்புக்குக் கறை பார்க்கிற அதே கண். ஒன்று மட்டும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அதன் முதுகில் எஸ் என்று போட்டிருந்தது. படத்தில் ஒரு பளபளக்கிற பெட்ரோல் கார் வேறு இருந்தது. "இதுதான் ஆயில்!" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதைத் தானே மாற்றினார் பாருங்கள், அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வேனுக்கு அடியில் இரண்டு வெள்ளை விரிப்பை விரித்து, மேலே ஒரு வெள்ளை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஆஸ்பத்திரித் தலையணை உறையும் வாயில் முகமூடியுமாக ஊர்ந்து போனார். தெருவில் போனவர்கள் வேனுக்குப் பிரசவம் பார்க்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தார்கள். அடியிலிருந்த போல்ட்டைத் திருகினார். ஆயில் கொட்டியது. துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் பிடிக்கப் பார்த்தார். முக்கால்வாசி தொட்டியில் விழுந்தது. மீதி எங்கே விழுந்தது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அழுக்குக்கு அவரைக் கண்டு பயமே இல்லை.

மூன்றாம் நாள் கம்பியை உருவினார். கறுப்பு.

திரும்ப மாற்றினார். கறுப்பு. இன்னொரு தடவை. கறுப்பு.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு துணிச் சீட்டு கட்டுவார்கள். என்றைக்குத் தர வேண்டும் என்பது அதில் அழியாத மையில் எழுதியிருக்கும். பளிச் இப்போது ஆயில் கம்பிக்கும் ஒரு சீட்டுக் கட்டினார். 'ஆயில். வியாழன் தர வேண்டும்.' வியாழன் போனதும் 'திங்கள் தர வேண்டும்.' யாருக்கு யார் தருவது என்று அக்கா கேட்டார். பளிச் முடிச்சை இன்னும் இறுக்கினார். ஏழாயிரத்து ஐநூறு கிலோமீட்டர் ஓட வேண்டிய ஆயில் எழுபது கிலோமீட்டரில் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தது.

நாலாவது தடவை இறக்கின ஆயில் தொட்டியில் இருக்கும்போதுதான் காற்றடித்தது. கொடியில் உலர்ந்த விடுதித் துணிகளில் ஒன்று பறந்து தொட்டிக்குள் தலைகீழாக இறங்கியது. எடுத்துப் பார்த்தால், விடுதியின் தலைமைச் சமையல்காரர் போடுகிற உயரமான வெள்ளைத் தொப்பி. வெள்ளையாக இருந்த தொப்பி என்று சொல்ல வேண்டும். அதை யாருக்கும் தெரியாமல் ஒரு வாளியில் ஊறப்போட்டு மூடி வைத்தார் பளிச்.

நாலாவது ஆயிலும் மூன்றாம் நாள் கறுத்தது. பளிச் வேன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது அவர் முகத்தில். ஆபத்தான வெளிச்சம்.

"தப்பு ஆயில் மேல இல்ல" என்றார் தனக்குள். "அழுக்குத் தொட்டியில நல்ல தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? உள்ள இன்ஜின் அழுக்கு. முதல்ல இன்ஜினைத் துவைக்கணும்."

அப்போது மணி இரண்டே முக்கால். அக்கா உள்ளே உறை மடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று சோப்புத்தூள் அளக்கிற சத்தம், வெந்நீர் ஊற்றுகிற சத்தம், அப்புறம் கொஞ்சம் சீட்டியடிக்கிற சத்தம். சீட்டியடித்துப் பல வாரம் ஆயிற்றே என்று சந்தேகப்பட்டு வெளியே வந்தார். பளிச் ஒரு வாளி நிறைய நுரைத்த வெந்நீரோடு வேனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வாளிக்குள் சொட்டு நீலம் மூன்று சொட்டு விட்டுக் கலக்கியிருந்தார். வேனின் மூக்குத் திறந்திருந்தது. ஆயில் ஊற்றுகிற வாயில் புனல் தயாராக நின்றது.

"என்னங்க இது?"

"துவையல்."

"எதை?"

"இன்ஜினை. ஒரு அலசு அலசிட்டு, நீலம் போட்டு எடுத்தா..."

அக்கா ஓடிய ஓட்டத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. புனலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இன்ஜினின் வாயைத் தன் வலது உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டார்.

"ஊத்துங்க பார்க்கலாம். என் கை மேல ஊத்துங்க."

"தள்ளு. தண்ணி ஆறிடும்."

"ஆறட்டும்!" இடது கையால் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "டேய், உங்க அத்தான் இன்ஜினுக்குள்ள சோப்புத் தண்ணி ஊத்தப் போறாரு. என் கை வலிக்குது. சீக்கிரம் வா."

மூன்று மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது கிரீஸ் வந்து நின்றார். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

"நல்லாக் கேட்டுக்கங்க அத்தான். நான் இன்ஜினுக்காக வந்திருக்கேன். உங்களுக்காக இல்ல."

"நானும் உன்னைக் கூப்பிடலை" என்றார் பளிச். ஆனால் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

கிரீஸ் சுவரோரம் வரிசையாக நின்ற காலி டின்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்து முதுகைத் திருப்பினார். தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலும் பெட்ரோல் வண்டி ஆயில்! சி பார்த்து வாங்கச் சொன்னேனே அத்தான்!"

"சியாவது பீயாவது! நாலு தடவை மாத்திட்டேன். நாலு தடவையும் கறுத்துப் போச்சு."

"கறுக்கணும்!"

"கறுக்கக் கூடாது!"

"கறுக்கணும் அத்தான்!"

"என் கையை எடுக்கலாமாடா?" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டு வாசலில் ஒரு குரல் கேட்டது. விடுதியிலிருந்து துணிக் கணக்குப் பார்க்கிற அம்மா. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கையில் நோட்டு. "எங்க சமையல்காரரோட தொப்பி ஒண்ணு ரெண்டு நாளா வரலை. அதைக் கேட்கத்தான்..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். பெரிய மெஷின் அந்தச் சமயம் ஒரு சுற்று முடித்து, துவைத்த தண்ணீரைக் கால்வாயில் கக்கியது. கறுப்பாக, திரள்திரளாக அது ஓடியது.

"அய்யய்யே! எங்க விரிப்பையெல்லாம் இந்தச் சாக்கடையிலயா துவைக்கிறீங்க?"

பளிச்சின் முதுகு நிமிர்ந்தது. அவர் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை! கிரீஸ், வேன், வாளி எல்லாம் மறந்து போயிற்று.

"சாக்கடையா? அம்மா, இது என் மானம்! இந்தத் தண்ணி உள்ள போகும்போது கண்ணாடி மாதிரி போச்சு. உங்க விடுதியில தங்கினவங்க மிதிச்சது, சிந்தினது, துடைச்சது எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுக் கறுப்பா வெளிய வருது. தண்ணி கறுத்தாத்தான் துணி சுத்தமாச்சுன்னு அர்த்தம். போன தண்ணி போன மாதிரியே வெள்ளையா வந்தா, நான் உங்களை ஏமாத்தறேன்னு அர்த்தம்! சோப்பு எதுக்குப் போடறோம்? அழுக்கைத் துணியில ஒட்டவிடாம, தான் பிடிச்சு வெச்சுக்கத்தான். அது கறுக்கலைன்னா அது வேலையே செய்ய..."

அங்கே குரல் நின்றுவிட்டது.

பளிச் திரும்பினார். கிரீஸ் ஆயில் கம்பியை உருவி, சீட்டோடு சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நுனியில் ஒரு கறுப்புச் சொட்டு.

"சொல்லுங்க அத்தான்" என்றார். "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. முடிச்சிடுங்க."

அக்கா சட்டென்று திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. கையை மட்டும் இன்ஜின் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"மாப்ள" என்றார் பளிச், சின்னக் குரலில். "ஆயில்ல சோப்பு இருக்கா?"

"சோப்பு மாதிரி ஒரு மருந்து கலந்துதான் செய்யறாங்க. டீசல் எரிஞ்சா கரி வரும். அது இன்ஜின் உள்ள ஒட்டிக்காம, ஆயில் அதைத் தன்கிட்ட இழுத்து வெச்சுக்கும். அந்த மருந்து டீசல் ஆயில்ல ஜாஸ்தி. பெட்ரோல்ல இவ்வளவு கரி கிடையாது, அதான் உங்க பழைய கார்ல பொன்னு மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் கறுத்துச்சுன்னா மூணாம் நாளே வேலையில இறங்கிடுச்சுன்னு அர்த்தம். இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்கிறது நிறத்தைப் பார்த்தாத் தெரியாது. ஓடின தூரத்தைப் பார்த்துத்தான் மாத்தணும்."

"அப்ப நான் நாலு தடவை..."

"நாலு தடவை பாதித் துவையல்ல மெஷினை நிறுத்தித் தண்ணியை மாத்தியிருக்கீங்க. அதுவும் தப்பான சோப்புப் போட்டு."

இதைவிட ஒரு லாண்டரிக்காரரைத் திட்ட முடியாது. பளிச் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் சரி" என்றார் நோட்டுக்கார அம்மா. "எங்க தொப்பி?"

பளிச்சின் கண் மூடி வைத்த வாளியின் பக்கம் போனது; அக்கா அதைக் கவனித்துவிட்டார். "அது ஊறிக்கிட்டிருக்கு" என்றார் அக்கா.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பளிச் விறுவிறுவென்று நடந்தார். நாலு கடை தள்ளி, ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றார். நல்ல வேளையாக அந்த லாரிக்காரர் அன்றைக்கும் இருந்தார். ஆட்டோக்காரர் ஒருவர்தான் இருந்தார். இன்னொருவரை டீக்கடையிலிருந்து கூப்பிட்டு வரச் செய்தார் பளிச். பின்னாலேயே கிரீஸும் வந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு இங்க நின்னு என் மாப்ள ஏமாத்தறான்னு சொன்னேன். அவன் ஏமாத்தலை. டீசல் ஆயில் கறுக்கத்தான் செய்யும். கறுத்தாத்தான் நல்லது. எனக்குத்தான் தெரியலை."

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். "அன்னைக்கே இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்கதான் கையைக் காட்டி அடக்கிட்டீங்க."

கிரீஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தார். மூக்கு கறுத்தது. "சரி சரி, வண்டியை இங்க கொண்டாங்க" என்றார்.

தண்ணீர் மாதிரி ஆயிலை இறக்கினார். ஃபில்டரை மாற்றினார். சி என்று போட்ட டின்னைத் திறந்து, புக்கில் சொன்ன அளவுக்கு ஊற்றினார். கம்பியில் தொங்கிய பழைய 'தர வேண்டும்' சீட்டைக் கழற்றிவிட்டு வேறு சீட்டு கட்டினார். அதில் அழியாத மையில் எழுதினார்: 'ஏழாயிரத்து ஐநூறு கி.மீ. அல்லது ஆறு மாதம். அளவு பார்க்கலாம். நிறம் பார்க்கக் கூடாது.'

தொப்பியின் கதையையும் கேட்டுவிடுங்கள். எத்தனை துவைத்தும் அது சாம்பல் நிறத்துக்கு மேல் வெளுக்கவில்லை. சமையல்காரர் அதைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். தாடி நரைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று இன்னும் இரண்டு அதே நிறத்தில் கேட்டனுப்பினார். எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் பளிச்சுக்கு வாய் வரவில்லை.

ஆயில் மாற்றின அன்றைக்கு மூன்று மணி டீ நாலரை மணிக்கு வந்தது. கிரீஸ் பின்கட்டுக்கு வந்து டிரம்மைப் பார்த்துத் திகைத்தார்.

"என் துணி எங்க?"

"இதுதான் உன் துணி."

"இதுவா? இதுல நான் உக்காந்தா வீணாப் போயிடுமே. நான் நின்னுக்கறேன்."

"உக்காரு மாப்ள" என்றார் பளிச். "உனக்காகத்தான் போட்டிருக்கு. ரொம்ப நாளா வெள்ளையாவே கிடக்கு. பார்க்கப் பிடிக்கலை."

கிரீஸ் மெதுவாக உட்கார்ந்தார். டம்ளரை வாங்கி ஒரு வாய்தான் குடித்திருப்பார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அத்தானைக் காணோம். வெளியே வேனின் மூக்குத் திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் பளிச் ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் வெள்ளை உறையுமாகப் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாப்ள! கறுக்கவே இல்ல! அப்படியே தேன் மாதிரி இருக்கு! நீ போட்ட ஆயில் வேலை செய்யலை!"

"அத்தான், வண்டி ஒர்க்‌ஷாப்லேர்ந்து நாலு கடைதான் தாண்டி வந்திருக்கு!"

"நாலு கடைன்னா நாலு கடைக்கு உள்ளது கறுக்க வேணாமா?"

உள்ளேயிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. கிரீஸுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்று இருமினார். பளிச் அவர் முதுகைத் தட்டப் போனார். போன கை பாதியிலேயே நின்றது. அவர் கண் டிரம்மின் மேல் இருந்தது. துவாலை நடுவில், உட்கார்ந்து எழுந்த இடத்தில், வட்டமாக ஒரு கறுப்பு.

"சரி, இதாவது கறுத்துச்சே" என்றார் பளிச். கையிலிருந்த வெள்ளை உறையை மடித்து வைத்துவிட்டு, தன் டீயை எடுத்துக் குடித்தார்.